ஓட்டோ கியர் ஓயில் மாற்றிய பிறகு கார் பிசகினால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலையில் யப்பானிலிருந்து பழசாக வந்திறங்கிய ஓட்டோ கியர் கார்கள் நிறைய ஓடுகின்றன. அவற்றின் கியர் ஓயிலை வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொள்பவர்களும் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மாற்றிய மறுநாள் “அண்ணா, இழுக்குதில்லை”, “குலுக்குது” என்று வந்து நிற்கும் கார்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதி. உண்மையிலேயே கியர்பொக்ஸ் போய்விட்ட கார் அவற்றில் குறைவு. ஓயில் அளவு பிழை, இல்லையென்றால் ஓயில் வகை பிழை. இந்த இரண்டையும் பார்க்காமல் கியர்பொக்ஸைக் கழற்ற யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இவை இரண்டு

வகை. ஊற்றிய ஓயிலின் வெறும் போத்தலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய நான்கு கியர் டொயோட்டாக்களுக்கு டைப் டி-ஃபோர், அதற்குப் பின் வந்தவற்றுக்கு டபிள்யூ.எஸ். அக்வா, பிரியஸுக்கும் டபிள்யூ.எஸ்.தான். பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. கியர்பொக்ஸ் என்றால் அதற்கென்றே தனி ஓயில்: டொயோட்டாவில் டி.சி. அல்லது எஃப்.இ., நிசானில் என்.எஸ்.2 அல்லது என்.எஸ்.3, ஹொண்டாவில் மொடலைப் பொறுத்து எச்.எம்.எம்.எஃப். அல்லது எச்.சி.எஃப்.2. சுசுகி ஏ.ஜி.எஸ். கார்களில் இருப்பது கையால் போடும் கியர்பொக்ஸ்தான், மாற்றிவிடும் வேலையை மட்டும் மோட்டார் செய்கிறது. இந்தப் பக்கம் அவற்றுக்குப் பொருந்தாது. ஹொண்டா வெசல் ஹைபிரிட்டின் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸுக்கும் பொருந்தாது.

சில கார்களில் ஓயிலின் பெயர், அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலேயே பொறித்திருக்கும். இல்லாவிட்டால் கைநூல். அது யப்பான் மொழியில் இருந்தாலும் ஓயிலின் பெயரும் லீற்றர் கணக்கும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும்தான் இருக்கும். போனில் படம் பிடித்துத் தேடினால் கிடைத்துவிடும். கடைக்காரர் “எல்லாக் காருக்கும் இது ஒத்துவரும்” என்று தருவதைச் சி.வி.டி.க்குள் ஊற்றவே வேண்டாம். நிறத்தை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஓயில் இல்லை.

அளவு. கார் நான்கு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கி வைத்து அளவு பார்த்தால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முற்றமெல்லாம் மணல் என்பதால் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே தடித்த பலகை போடுங்கள். வெறும் ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள்.

டிப்ஸ்டிக் உள்ள கார் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, எஞ்சினை ஓட விட்டபடியே பிரேக்கை மிதித்துக்கொண்டு, லீவரை பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி மீண்டும் பி-க்குக் கொண்டுவந்து, பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். சூட்டுக்கான கோடும் குளிருக்கான கோடும் வேறு வேறு. ஹொண்டாவில் மட்டும் முறை மாறும்: சூடாக்கி, எஞ்சினை நிப்பாட்டி, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். எஞ்சின் ஓயில் பார்க்கும் பழக்கத்தில் எல்லாக் காரையும் நிப்பாட்டிவிட்டுப் பார்ப்பதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன.

டிப்ஸ்டிக் இல்லாத டொயோட்டாக்கள் பலவற்றில் அடியில் நட்டால் மூடிய ஒரு வழிந்தோடும் துளை இருக்கும். பல மொடல்களில் ஓயிலின் சூடு 36-க்கும் 46-க்கும் இடைப்பட்ட பாகை செல்சியஸில் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அந்த நட்டைத் திறக்க வேண்டும். தாரையாக வருவது சொட்டாக மாறும் நேரத்தில் மூடினால் அளவு சரி. ஒன்றுமே வராவிட்டால் குறைவு.

நம் ஊரில் இந்த இடத்தில்தான் சிக்கல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியான வெயிலில் நின்ற காரின் ஓயில், எஞ்சினைப் போடுவதற்கு முன்பே நாற்பது பாகையை நெருங்கியிருக்கும். நட்டைத் திறந்து நிதானிப்பதற்குள் 46-ஐத் தாண்டிவிடும். சூட்டில் ஓயில் விரிவதால் அதிகம் வழிந்து, ஆறியபின் உள்ளே குறைவாக நிற்கும். அதனால் இந்த வேலையை விடியற்காலையில், கார் இரவு முழுக்க நிழலில் நின்ற பிறகு செய்யுங்கள். சூட்டைப் பார்க்க, காரின் கணினியை வாசிக்க உள்ள ஓ.பி.டி. துவாரத்தில் செருகி போனில் வாசிக்கும் சின்னக் கருவி போதும். கையை வைத்துப் பார்த்துச் சொல்லும் கணக்கு இதற்கு ஆகாது.

இனி அறிகுறிகள்.

## ஓயில் வடிக்கும் நட் கழலவில்லை

கடல் காற்றில் நிற்கும் கார்களுக்கு இது வழக்கமான தொல்லை. உடனே பலத்தைக் காட்டாதீர்கள்.

முதலில், மேலே ஊற்றும் வழியைத் திறந்து பாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத கார்களில் ஊற்றும் நட்டும் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால் கார் முற்றத்திலேயே கிடக்கும். இந்த ஒழுங்கை ஒருபோதும் மாற்ற வேண்டாம்.

பிறகு நட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அறுகோணக் குழிக்குள் இருக்கும் மண்ணையும் துருவையும் ஆணியால் கிளறி எடுங்கள். சாவி முழு ஆழத்துக்கு இறங்காமல் மேலோட்டமாக நின்றபடி திருப்புவதால்தான் குழி வழுக்கிவிடுகிறது. துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் சாவியைச் செருகி, அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினால் அநேகமாகக் கழலும்.

குழி வட்டமாகிவிட்டதா? அத்தோடு நிறுத்துங்கள். உளி வைத்து அடித்தால் அலுமினிய உறை வெடிக்கும். வெல்டிங் வைத்து நட்டை எடுக்கத் தெரிந்த கராஜ் ஆளுக்கு அது சின்ன வேலை.

## புது ஓயில் ஊற்றியாயிற்று, கார் நகரவே இல்லை

எஞ்சின் ஓயில் டிப்ஸ்டிக்கை இழுங்கள். ஓயில் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஒன்றுமே தொடாவிட்டாலோ, வேறு நட்டைத் திறந்திருக்கிறீர்கள். கியர் ஓயில் எஞ்சினுக்குள் போயிருந்தால் எஞ்சினைப் போட வேண்டாம். இரண்டையும் முழுக்க வடித்து, எஞ்சினுக்குப் புது ஓயிலும் புதுப் பில்டரும் போட்டு, கியர்பொக்ஸை மறுபடி நிரப்புங்கள். எஞ்சினை நீண்ட நேரம் ஓடவிட்டிருந்தால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அளவு மிகக் குறைவு. வடித்த ஓயிலை அளந்தீர்களா? சம்ப்பை (கியர்பொக்ஸின் அடியில் ஓயில் நிற்கும் தட்டு) கழற்றிப் பில்டரும் மாற்றியிருந்தால் வடித்ததைவிடக் கொஞ்சம் கூடவே வேண்டியிருக்கும். அளக்காமல் வடிகானில் கொட்டியவர்களுக்கு வேறு வழியில்லை, மேலே சொன்ன முறைப்படி அளவு பார்த்து கால் லீற்றர் கால் லீற்றராக ஊற்ற வேண்டியதுதான்.

பில்டர் சரியாக உட்காரவில்லை. பழைய ரப்பர் வளையம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதுப் பில்டரைச் செருகினால் பம்ப் ஓயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். சம்ப்பை மறுபடி இறக்கிப் பாருங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் நகராவிட்டால் பம்ப் அல்லது உள்வேலை. அது வீட்டு வேலை இல்லை.

## டி அல்லது ஆர் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது

காலையில் மட்டும் தாமதம், சூடானபின் சரி என்றால் பெரும்பாலும் அளவு குறைவு. நிரப்பிப் பாருங்கள், அதோடு தீர்ந்துவிடும். எப்போதும் தாமதம் என்றால் ஓயில் வகையையும் பில்டர் வளையத்தையும் பாருங்கள். ஓயில் மாற்றுவதற்கு முன்பே இருந்த தாமதம் என்றால் உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிவிட்டன. புது ஓயில் அதை மாற்றாது. கியர்பொக்ஸ் வேலை தெரிந்த பாஸிடம் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள்.

## எஞ்சின் இரைகிறது, வேகம் ஏறவில்லை

இங்கே ஓயிலை முகர்ந்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. வெள்ளை டிஷூவில் ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு அகலமாகப் பரவி, ஓரம் வெளிர் சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் கவலையில்லை. நடுவில் கறுப்பாகத் தங்கி, பரவாமல், கருகிய மணமும் அடித்தால் கிளச் தட்டுகள் தேய்ந்து அந்தத் தூள் ஓயிலில் கலந்திருக்கிறது.

ஓயில் நன்றாக இருக்கிறது, ஆனால் வழுக்குகிறது: அளவு, பிறகு வகை. சி.வி.டி.க்குள் சாதாரண ஓட்டோ கியர் ஓயில் போயிருந்தால் இன்னொரு கிலோமீற்றர்கூட ஓட்ட வேண்டாம். உருக்குப் பெல்ட் வழுக்கி, அது சுற்றி ஓடும் சில்லைக் (புல்லி) கீறிவிட்டால் பிறகு எந்த ஓயிலும் காப்பாற்றாது. நின்ற இடத்திலேயே வடித்துச் சரியானதை ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுங்கள். ஒரு தடவை வடித்தால் உள்ளே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வெளியே வரும். மிச்சம் டோர்க் கன்வேட்டரிலும் (எஞ்சினின் சுழற்சியை ஓயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் பாகம்) குழாய்களிலும் நிற்கும். அதனால் இரண்டு மூன்று சுற்று தேவை.

ஓயில் கறுப்பு, மாற்றுவதற்கு முன்பே வழுக்கியது: சம்ப்பை இறக்கினால் உள்ளே சின்னக் காந்தங்கள் இருக்கும். அவற்றில் ஒட்டியிருப்பதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேயுங்கள். வழுவழுப்பான சாம்பல் பசை என்றால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் குத்தும் துகள், மினுங்கும் செதில் இருந்தால் கியர்பொக்ஸை அவிழ்த்தே ஆகவேண்டும். இந்த நிலையில் மெஷினில் அழுத்தம் கொடுத்துக் கழுவித் தருவதாகச் சொன்னால் நான் வேண்டாம் என்பேன். பல வருடம் ஓயிலே மாற்றாத கியர்பொக்ஸுக்கு வடித்து ஊற்றும் முறைதான் நிதானமானது.

அவிழ்க்க வேண்டி வந்தால் இரண்டு விலை கேளுங்கள்: ஒன்று இங்கேயே பிரித்துத் திருத்த, மற்றது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த கியர்பொக்ஸை எடுத்துப் போட. பழைய சாதாரண மொடல்களுக்கு இரண்டாவது மலிவாக வருவதுண்டு. எடுக்குமுன் மொடல் எண் ஒத்துப்போகிறதா என்று தகட்டைப் பார்த்தே எடுங்கள்.

## ஐம்பது, அறுபதில் போகும்போது கார் குலுக்குகிறது

ஆட்கள் அதிகம் ஏமாறும் அறிகுறி இது. எஞ்சின் கோளாறும் இப்படித்தான் குலுக்கும், கியர்பொக்ஸும் இப்படித்தான் குலுக்கும்.

பிரித்தறிய வேறு வேறு வீதியில் இரண்டு ஓட்டம் வேண்டும். முதலாவது, போக்குவரத்து இல்லாத அதிகாலையில் நிலாவெளி வீதியின் நேரான பகுதி. அறுபதில் ஒரே சீராக, அக்சிலேற்றரை மெல்ல மிதித்தபடி போங்கள். குலுக்கம் தொடங்கியதும் இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். அந்தக் கணமே குலுக்கம் நின்றால் டோர்க் கன்வேட்டரின் பூட்டுக் கிளச்தான் காரணம். பிரேக் விளக்கு எரிந்தால் பல கார்களில் அந்தப் பூட்டு விடுபடும், அதனால்தான் நிற்கிறது. இரண்டாவது, உவர்மலை ஏற்றம். அங்கே மெதுவாக ஏறும்போது அந்தப் பூட்டு பெரும்பாலும் விழாது. அப்போதும் குலுக்கினால் எஞ்சின் பக்கம் போங்கள்: பிளக், கொயில், எஞ்சின் மவுண்ட். கியர்பொக்ஸைத் தொடவே வேண்டாம்.

பூட்டுக் கிளச்தான் என்றால்:

ஓயில் மாற்றிய பிறகு புதிதாக வந்த குலுக்கமா? வகை பிழை என்று வைத்துக்கொண்டு சரியான ஓயிலை இரண்டு மூன்று சுற்று மாற்றுங்கள். இடையில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஓட்டுங்கள். நான் பார்த்தவற்றில் அநேகமானவை இதோடு நின்றுவிட்டன.

முன்பே இருந்த குலுக்கமா? புது ஓயிலில் குறைந்து, சில வாரத்தில் திரும்பினால் டோர்க் கன்வேட்டர் மாற்ற வேண்டும். அதற்குக் கியர்பொக்ஸை இறக்க வேண்டும் என்பதால் கராஜ் வேலை. போத்தலில் விற்கும் குலுக்கம் நிறுத்தும் மருந்துகளை நான் போடச் சொல்வதில்லை. சி.வி.டி.யில் அறவே கூடாது.

## கியர் மாறும்போது இடிக்கிறது

ஓயில் மாற்றும்போது பற்றரியைக் கழற்றினீர்களா? அப்படியானால் கொஞ்சம் பொறுங்கள். பல கார்களில் கியர்பொக்ஸ் கணினி தான் பழகி வைத்திருந்த கணக்கை இழந்துவிடும். சில நாள் மெதுவாக, நின்று நின்று ஓட்டினால் திரும்பப் பழகிக்கொள்ளும். நகருக்குள் பஸ் நிலையம், மத்திய வீதி, உட்துறைமுக வீதி என்று சுற்றும் ஓட்டமே போதும்.

ஓட்டியும் குறையாவிட்டால் அளவு கூடிவிட்டதா என்று பாருங்கள். கூடுதலாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஓயிலை அடித்து நுரையாக்கும், டிப்ஸ்டிக்கில் குமிழி தெரியும். கூடினதை வடித்துவிடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், ஓயில் ஓட்டத்தை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலனொய்டு வால்வாக இருக்கலாம். ஸ்கேனர் உள்ள கராஜில் காட்டுங்கள்.

## அடியில் ஓயில் ஒழுகுகிறது

இரவு ஒரு பெரிய அட்டையைக் காருக்குக் கீழே விரித்து, முன்சில்லுகள் நிற்கும் இடத்தைப் பேனையால் குறித்துவிடுங்கள். காலையில் சொட்டு எங்கே என்று தெரியும்.

முதலில் அது கியர் ஓயில்தானா என்று பாருங்கள். டொயோட்டாவின் கூலன்ட்டும் சிவப்பு அல்லது இளஞ்சிவப்புத்தான். ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கலந்துவிட்டால் கூலன்ட், மிதந்தால் ஓயில். மிதப்பது பவர் ஸ்டியரிங்கிலிருந்தும் வரலாம். பழைய கார்கள் பலவற்றில் அதற்கும் இதே வகை ஓயில்தான்.

நட்டின் கீழே சொட்டினால் பழைய வாஷரையே போட்டிருக்கிறீர்கள். நசுங்கி அடைக்கும் வாஷர் ஒரு தடவைக்குத்தான். புதியது மாற்றுங்கள், நட்டை மேலும் மேலும் இறுக்காதீர்கள்.

சம்ப்பின் ஓரமெங்கும் ஈரம் என்றால் போல்ட்டுகளை அளவுக்கு மிஞ்சி இறுக்கியதில் தகட்டு விளிம்பு வளைந்திருக்கும். இறக்கி, விளிம்பைப் பலகையில் வைத்துத் தட்டி நேராக்கி, புதுக் கேஸ்கட் போட்டு, நடுவிலிருந்து குறுக்கு மறுக்காகச் சிறிய ராட்செட்டால் இறுக்குங்கள். கேஸ்கட் மேல் சிலிக்கனை அள்ளிப் பூச வேண்டாம். உள்ளே பிதுங்கும் துண்டுகள் பில்டரில் போய் அடைக்கும்.

ரேடியேற்றர் பக்கம் சொட்டினால் கூலர் குழாய்களைத் துணியால் துடைத்து, கிளிப் பிடித்திருக்கும் இடங்களை விரலால் தடவுங்கள். உப்புக் காற்றில் முதலில் அரிப்பது அங்கேதான். துருப் பொருக்கு எழும்பியிருந்தால் இன்று ஒழுகாவிட்டாலும் குழாயை மாற்றிவிடுங்கள். வீதியில் வெடித்தால் சில நிமிடத்தில் கியர்பொக்ஸ் காலியாகும்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்திலோ அக்சில் உள்ளே போகும் இடத்திலோ ஒழுகினால் சீல் வேலை. கராஜ்.

## சீழ்க்கை போன்ற சத்தம்

அளவு குறைவு, பில்டர் வளையம், இந்த வரிசையில். சி.வி.டி.யில் வேகத்தோடு சேர்ந்து ஏறும் உறுமல் என்றால் பெயாரிங். தள்ளிப் போடாதீர்கள்.

## தூர ஓட்டத்தில் சூடாகிறது

ஹபரணை வீதியில் கந்தளாய் தாண்டிப் போகும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஓரமாக நிறுத்தி, பி-யில் போட்டு, எயார் கொண்டிஷனை அணைத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். ஓயில் கூலர் வழியாகச் சுற்றி ஆறும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டுப் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. இரவென்றால் கடை, வீடு உள்ள இடம் வரை மெதுவாக உருட்டிப் போய் நிறுத்துவது நல்லது.

வீடு வந்தபின் அளவு பாருங்கள். ரேடியேற்றர் முகப்பில் மணலும் பூச்சியும் அடைத்திருந்தால் உள்ளிருந்து வெளியாக மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். விசிறி சுற்றுகிறதா பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சூடானால் கூலர் உள்ளே அடைத்திருக்கிறது. அதைப் பார்ப்பவர் ரேடியேற்றர் வேலை செய்பவர்.

## விளக்கு மினுங்குகிறது

ஹொண்டாவில் டி விளக்கு, டொயோட்டாவில் ஓவர்டிரைவ் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கணினி ஒரு பிழையைப் பதிந்து வைத்திருக்கிறது. வேலை செய்யும்போது வயர் கனெக்டர் ஏதாவது கழன்றதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேன் செய்து பிழை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எண்ணைப் படிக்காமல் அழித்துவிட்டு அனுப்புபவரிடம் காரை விடாதீர்கள்.

## ஓயில் ஃபலூடா நிறத்தில் இருக்கிறது

டிப்ஸ்டிக்கிலோ வடித்த தாச்சியிலோ இளஞ்சிவப்புப் பால் கலந்ததுபோல் வந்தால் உள்ளே தண்ணீர் அல்லது கூலன்ட் போயிருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் மலிவான காரணம் கிடையாது.

மாரியில் வெள்ளம் நின்ற வீதிக்குள் காரை விட்டீர்களா? கியர்பொக்ஸின் மூச்சுத் துளை வழியாகத் தண்ணீர் போயிருக்கலாம். விடவே இல்லை என்றால் ரேடியேற்றருக்குள் இருக்கும் கியர் ஓயில் கூலர் உடைந்து கூலன்ட் கலக்கிறது. கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள், மேலே எண்ணெய்ப் படை மிதந்தால் அதுதான். அப்படியென்றால் ரேடியேற்றரை மாற்றாமல் ஓயிலை மட்டும் எத்தனை தடவை மாற்றினாலும் திரும்பக் கலக்கும்.

எஞ்சினைப் போட்டுப் பார்க்க வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். தண்ணீர் பட்டால் கிளச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படை கழன்று வரும். அன்றே கராஜுக்கு அறிவியுங்கள். கழுவிக் காப்பாற்ற முடியுமா, அவிழ்க்க வேண்டுமா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். கயிறு கட்டி இழுத்துப் போகாதீர்கள். முன்சில்லு இழுக்கும் ஓட்டோ கியர் காரில் எஞ்சின் ஓடாமல் சில்லு சுற்றினால் பம்ப் வேலை செய்யாது, ஓயில் இல்லாமல் உள்ளே உரசும். நான்கு சில்லும் மேலே ஏறும் கார் கெரியரைக் கூப்பிடுங்கள். வடித்த ஓயிலைக் கொட்டிவிடாமல் ஒரு போத்தலில் எடுத்து அவர்களிடம் காட்டுங்கள். மிச்சத்தை வடிகானில் விடாமல், மூடிய கேனில் சேர்வீஸ் ஸ்டேசனுக்குக் கொடுங்கள். நம் வாய்க்கால்களில் போவது கடலுக்குத்தான் போகிறது.